ஆயா: உறவுப்பெயரா, பணிப்பெயரா?

இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு இரவு, பத்தரை மணிக்கு மேல், எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்தது. "ஆயா குளியலறையில் வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்பெலும்பு முறிஞ்சிருக்கு. ஆஸ்பத்திரியில இருக்கோம். நாளைக்குப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வர வேண்டாம். மன்னிச்சிக்கோங்க." அனுப்பியவர் ஆயாவின் மருமகள். ஒன்பது குழந்தைகளின் பெற்றோர் அந்தக் குழுவில் இருக்கிறோம். முதலில் அனைவரும் ஆயாவின் நலம் விசாரித்தோம். பதினொரு மணிக்கு மேல், ஒருவர் பின் ஒருவராக, சற்றுக் கூச்சத்துடன், உண்மையில் எங்கள் மனத்தில் இருந்த கேள்வியைக் கேட்கத் தொடங்கினோம்: எத்தனை நாள்?

ஊர் சந்தாபுரா. ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டி, ஹெப்பகோடி, பொம்மசந்திரா ஆகியவற்றைத் தாண்டி வருவது; ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. அதே சாலையில் இன்னும் சற்றுத் தெற்கே சென்றால் அத்திப்பள்ளி, அதற்கப்பால் தமிழகம். ஆனேக்கல் செல்லும் சாலையிலிருந்து பிரியும் ஒரு தெருவில், இரண்டு மாடி வீட்டின் தரைத்தளத்தில், கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு குடும்பம் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாய்மொழியாகவே ஆட்கள் வந்து சேர்கிறார்கள். மாமியாரும் மருமகளும் உள்ளே. மகன் பொம்மசந்திராவில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறார், மாலையில் வந்து பாத்திரம் துலக்குவதும் பால் வாங்கி வருவதும் அவர் பங்கு. காலை ஏழரைக்குக் கதவு திறக்கும். கடைசிக் குழந்தையின் தாயோ தந்தையோ வந்து சேரும்வரை மூடாது. இந்தச் சாலையின் நெரிசலை அறிந்தவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியத்தின் எடை தெரியும்.

(இவ்விடத்தைக் குழந்தைகள் காப்பகம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். தமிழில் காப்பகம் என்றதும் ஆதரவற்றோர் இல்லமும் முதியோர் இல்லமும் நினைவுக்கு வருகின்றன. எங்கள் தெருவில் எவரும் அப்படிச் சொல்வதில்லை. "பேபி சிட்டிங்" என்பார்கள், அல்லது "ஆயா வீடு". நான் ஆயா வீடு என்றே எழுதுகிறேன்.)

மறுநாள் காலை என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். மென்பொருள் நிறுவனத்தில் இருப்பவர்கள் இருவர் வீட்டிலிருந்தபடி வேலை செய்ய அனுமதி பெற்றனர். வாடகைக் கார் ஓட்டும் ஒரு தந்தை பகல் சவாரியை விட்டு இரவு சவாரிக்கு மாறினார். ஒரு வீட்டில் திருவண்ணாமலையிலிருந்து பாட்டி பேருந்து ஏறி வந்தார். ஆயத்த ஆடை ஆலையில் தையல் வேலை பார்க்கும் பெண் முதல் வாரம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். இரண்டாம் வாரம் வேலையை விட்டார். நானோ முனைவர் பட்ட ஆய்வாளர். நான்காம் இயலை எழுதுவதைத் தள்ளிப்போட்டேன். அவ்வளவே என் இழப்பு. பெண் ஆய்வாளர்களுக்கு ஆய்வுக்காலம் முழுமைக்கும் 240 நாள்கள்வரை மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிகள் அனுமதிக்கின்றன. ஒரே குழுவில் இருந்தும் எங்களுக்கிடையே உள்ள தூரத்தை அந்த வாரம்தான் நான் அளந்தேன்.

இதை ஒரு விபத்தின் கதையாக மட்டும் சொல்லி முடிக்க எனக்கு விருப்பமில்லை. ஒரு மூதாட்டியின் இடுப்பெலும்பில் ஒன்பது குடும்பங்களின் வேலைவாய்ப்பு தொங்கிக்கொண்டிருந்தது என்பதை ஆராய்ச்சியாளர்களாகிய நாம் எப்படிப் புரிந்துகொள்வது என்பதே என் கேள்வி.

"குடும்பத்தினரே நடத்துகிறார்கள்" என்பது இத்தகைய இடங்களைப் பற்றிச் சொல்லப்படும் முதல் பாராட்டு. நானும் என் மகளைச் சேர்க்கும்போது அதைத்தான் சொன்னேன். வீட்டுச் சமையல், வீட்டுத் தூளி, வீட்டு மனிதர்கள். ஆயினும் அந்தப் பாராட்டினுள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், குழந்தைக்கு நன்மை செய்வது குடும்பம் என்னும் உறவுமுறை அன்று. இரண்டு சாதாரணக் காரணிகள். ஒன்று, ஒருவரின் கவனத்துக்குள் அடங்கும் குழந்தைகளின் எண்ணிக்கை. மற்றது, நாள்தோறும் அதே கை. என் மகள் எந்த நேரத்தில் கண்ணைக் கசக்குவாள், எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு என்பது ஆயாவுக்குத் தெரியும், ஏனெனில் பத்து மாதங்களாக அவரே பார்த்து வருகிறார்.

இவ்விரண்டும் குடும்பத்துக்கு வெளியேயும் சாத்தியம் என்பதற்குப் பழைய சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப்போருக்குப் பின், 1946இல், புடாபெஸ்ட் நகரின் லோட்சி தெருவில் எம்மி பிக்லர் என்னும் குழந்தைநல மருத்துவர் ஒரு பச்சிளங்குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கு ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென அறிந்த ஒரு பணியாளர் இருந்தார். குளிப்பாட்டுவதும் உணவூட்டுவதும் துணி மாற்றுவதும் அவசரமாக முடித்துவிட வேண்டிய வேலைகளாகக் கருதப்படவில்லை; அந்த வேளைகளில்தான் குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையே உறவு உருவாகிறது என்பது அவரது கொள்கை. அங்கிருந்தோர் குழந்தைகளின் பாட்டிகள் அல்லர். பயிற்சி பெற்ற, ஊதியம் பெற்ற பணியாளர்கள். அன்பு என்று நாம் அழைப்பதில் பெரும்பகுதி, ஒருவர் அவசரமின்றி இருப்பதற்கான ஏற்பாடு.

எங்கள் ஆயா வீட்டில் அந்த ஏற்பாட்டின் செலவை யார் ஏற்கிறார்கள்? நாங்கள் செலுத்தும் கட்டணம் வாடகைக்கும் பாலுக்கும் அரிசிக்கும் எரிவாயுவுக்கும் போக மருமகளுக்கு ஒரு சிறு வருமானமாகிறது. ஆயாவுக்குத் தனியே எதுவும் இல்லை. "அவங்க வீட்டு மனுஷிதானே" என்று மருமகளே ஒருமுறை இயல்பாகச் சொன்னார். அதில் கொடுமை எதுவும் இல்லை. அந்தக் குடும்பத்தில் எவரும் எவரையும் சுரண்டவில்லை. ஆனால் ஊதியமற்ற அந்த இரண்டாவது கை இல்லையேல், தையல் தொழிலாளி ஒருவரால் செலுத்தக்கூடிய கட்டணத்தில் ஒன்பது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இயலாது. எங்கள் மலிவு அவரது இலவசம்.

தமிழில் "ஆயா" என்னும் சொல் இந்த மயக்கத்தை அப்படியே ஏந்தி நிற்கிறது. தமிழகத்தின் பல பகுதிகளில் ஆயா என்றால் பாட்டி. பால்வாடியிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் ஆயா என்றால் பணிப்பெண். அந்தச் சொல் போர்த்துகீசியத்திலிருந்து ஐரோப்பியர் வீடுகளின் வழியே வந்தது. பிறப்பிடம் வேறான இரண்டு சொற்கள் ஒலியில் ஒன்றாகிவிட்டன. எங்கள் குழந்தைகள் அவரை ஆயா என்று கூப்பிடும்போது எதைச் சொல்கிறார்கள்? பீகாரிலிருந்து வந்த தம்பதியரின் மகனும் அவரை ஆயா என்றுதான் அழைக்கிறான்.

குழந்தைகள் தெளிவின்றி இருக்கலாம்; புள்ளியியல் துறை அப்படி இருக்க இயலாது. காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில் பணிநிலையைக் குறிக்கக் குறியீட்டு எண்கள் உண்டு. கணக்கெடுப்பாளர் அந்த வீட்டுக்கு வந்தால் மருமகளுக்கு 11 என்று எழுதுவார்: சொந்தத் தொழில் செய்பவர். ஆயாவுக்கு 21 என எழுத வேண்டும்: குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர். ஆனால் "நீங்க என்ன வேலை செய்யறீங்க?" என்ற கேள்விக்கு ஆயா சொல்லப்போகும் விடை எனக்குத் தெரியும்: "வேலை ஒண்ணுமில்லப்பா, வீட்டுலதான் இருக்கேன்." அப்போது எழுதப்படும் எண் 92: வீட்டு வேலை மட்டும். தொழிலாளர் எண்ணிக்கையிலிருந்தே அவர் வெளியேறிவிடுகிறார். 2024ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, குடும்பத்தினரைப் பராமரிக்கும் செயல்களில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 137 நிமிடங்களும் ஆண்கள் 75 நிமிடங்களும் அதில் செலவிட்டனர். அது தம் குடும்பத்தினருக்கான பராமரிப்பு. பிறர் குழந்தைகள் எட்டுப் பேருடன் பேரனையும் மடியில் வைத்திருக்கும் ஒருவரின் நிமிடங்களை எந்தக் கட்டத்தில் போடுவது? நம் துறையில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம் குறித்து எழுதப்படும் கட்டுரைகளுக்குக் குறைவில்லை. அந்த விகிதத்தைத் தாங்கும் பெண்களே அவ்விகிதத்துக்குள் வராமல் போவதைப் பற்றி நாம் எழுதுவது குறைவு.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் இரண்டு உருவங்களை மட்டுமே அறிந்திருக்கிறது: முதலாளியின் காப்பகம், அரசின் அங்கன்வாடி. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 30 பெண்களுக்கு மேல் பணிபுரியும் ஆலையில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்றது. 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் விடுப்பை 12 வாரங்களிலிருந்து 26 வாரங்களாக உயர்த்தியதுடன், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும் விதித்தது. ஐம்பது என்னும் அந்த வரம்பு, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. விதி நல்லதே. ஆனால் இந்தச் சாலையில் காலை எட்டு மணிக்கு நெரியும் பேருந்தில் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குச் செல்ல எந்தத் தாய் விரும்புவாள்? கார் ஓட்டுநரும், நாற்பது பேர் கொண்ட பட்டறையில் வேலை செய்பவரும், வீட்டு வேலைக்குச் செல்பவரும் இந்தச் சட்டத்துக்குள் எங்கே வருகிறார்கள்?

அங்கன்வாடியின் பெருமையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். மீனா சுவாமிநாதன் தலைமையில் 1970களின் தொடக்கத்தில் அமைந்த ஆய்வுக்குழுவின் அறிக்கை ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கு வித்திட்டது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் அது தொடங்கியது. ஆனால் அங்கன்வாடியின் பகல் ஆலையின் பகலைவிடக் குறுகியது. மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு அது பெரும்பாலும் சத்துணவுப் பொட்டலமும் தடுப்பூசியும்தான்; நாள் முழுதும் தங்கும் இடமன்று. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் அடித்தளக் கட்டமும் மூன்று வயதிலிருந்தே தொடங்குகிறது. ஒன்றிய அரசின் பால்னா திட்டம் அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைக்க முயல்கிறது. அந்தத் திசை சரியானது. கர்நாடக அரசு 2023இல் அறிவித்த "கூசின மனெ" (கன்னடத்தில் கூசு என்றால் குழந்தை) 4000 கிராமப் பஞ்சாயத்துகளுக்கானது. சந்தாபுராவோ இன்று புரசபை, அதாவது நகராட்சி. வயல் இருந்த இடத்தில் அடுக்ககம் எழுந்துவிட்டதால் ஊர் என்னும் தகுதி போய்விட்டது. நகரத்துக்குரியது இன்னும் வந்து சேரவில்லை. மெட்ரோவின் மஞ்சள் தடமும் 2025 ஆகஸ்டில் பொம்மசந்திராவரை வந்து, எங்களுக்குச் சற்று முன்பாக நின்றுவிட்டது என்பதை ஓர் ஓரக்குறிப்பாகச் சொல்லலாம்.

இச்சாலையின் வரலாற்றில் ஒரு நிகழ்வை நினைவூட்ட வேண்டும். 2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் ஆயிரக்கணக்கான ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஓசூர் சாலையை மறித்தனர். வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க இயலாது என்ற அறிவிப்பை எதிர்த்து எழுந்த போராட்டம் அது; ஒன்றிய அரசு இரண்டாம் நாளே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. முதுமைக்கான நிதியை இளம்பெண்கள் ஏன் இப்போதே கேட்கிறார்கள் என்று அன்று வியந்தவர்கள் உண்டு. வேலையை விட்டு, வைப்பு நிதியை எடுத்து, அதில் சில மாதங்களைக் கடந்து, பின் வேறோர் ஆலையில் புதிதாகச் சேர்வது இத்தொழிலில் வழக்கமான சுழற்சி. வேலையை விடுவதற்கான காரணங்களில் குழந்தையும் ஒன்று. எங்கள் குழுவின் தையல் தொழிலாளி செய்ததும் அதுவே. நாட்டின் ஓய்வூதியக் கட்டமைப்பை அவர் தம் குழந்தைக் காப்பகமாகப் பயன்படுத்திக்கொள்கிறார்.

எனவே என் நிலைப்பாடு இது: ஆயா வீடுகளைப் பராமரிப்பின் மூன்றாவது உருவமாகச் சட்டம் ஏற்க வேண்டும். இதற்கு இரண்டு எதிர்ப்புகள் எழும் என்பதை அறிவேன்.

முதலாவது பாதுகாப்புப் பற்றியது. ஏதேனும் ஒரு காப்பகத்தில் குழந்தை அடிக்கப்பட்ட காணொளி பரவும்போதெல்லாம் உரிமம், கண்காணிப்புக் கேமரா, கட்டடச் சான்று என்னும் குரல் எழுகிறது. அச்சம் நியாயமானது, நானும் அஞ்சுகிறேன். ஆனால் அந்த நிபந்தனைகளை அப்படியே சுமத்தினால் பிழைப்பவை பெருநிறுவனக் கிளைகள் மட்டுமே. ஆயா வீடுகள் மறையமாட்டா, கதவைச் சாத்திக்கொள்ளும். ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் மூன்று வயதுக்குட்பட்ட 10 குழந்தைகளுக்கு ஒரு பயிற்சி பெற்ற பணியாளரும் உடன் ஓர் உதவியாளரும் வேண்டும் என்கின்றன. கேமராவைவிட அந்த எண்ணிக்கைக்கே நான் அதிக மதிப்பளிப்பேன். தனித்து, களைத்து, பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒருவர்தான் ஒரு கட்டத்தில் கையை ஓங்குகிறார்.

இரண்டாவது எதிர்ப்பு இடதுசாரி நண்பர்களுடையது, அதை எளிதில் ஒதுக்க இயலாது. வீட்டுக் காப்பகத்தை அரசு ஏற்பது, மலிவான பெண்ணுழைப்பை அரசே முத்திரையிட்டுத் தருவதாகாதா? கொலம்பியா அப்படித்தான் செய்தது. அங்கு 1986 முதல் "சமூகத் தாய்மார்கள்" தம் வீடுகளில் அக்கம்பக்கத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டனர். தொண்டர் என்னும் பெயரால் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழான தொகையே பெற்றனர். நீண்ட போராட்டத்துக்குப் பின் 2014இல்தான் முறையான பணி ஒப்பந்தமும் குறைந்தபட்ச ஊதியமும் கிடைத்தன. நாமும் அங்கன்வாடிப் பணியாளரை "மதிப்பூதியம்" பெறும் தொண்டர் என்றே வைத்திருக்கிறோம். அவர்களுக்குப் பணிக்கொடை உரிமை உண்டென்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த எச்சரிக்கையை ஏற்கிறேன். ஆனால் அது காட்டுவது, ஏற்கும்போதே ஊதியத்துடன் ஏற்க வேண்டும் என்பதை. ஏற்காமல் விட்டால் மலிவுழைப்பு ஒழிந்துவிடாது. இன்று எங்கள் தெருவில் நடப்பது அதுவே.

பிரான்சில் 1977ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டிலிருந்தே பிறர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வோருக்குத் தொழில் தகுதி அளித்தது. அவர்கள் அனுமதியும் பயிற்சியும் பெறுகிறார்கள். ஒருவர் சில குழந்தைகளை மட்டுமே ஏற்கலாம். பெற்றோரே முதலாளி, செலவில் ஒரு பங்கை அரசு திருப்பித் தருகிறது. அவர்கள் ஒன்றுகூடவும் ஐயம் கேட்கவும் உள்ளூரில் மையங்கள் இருக்கின்றன. பிரான்சின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் ஆனேக்கல் வட்டத்தில் அங்கன்வாடிகள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆயா வீட்டையும் அருகிலுள்ள அங்கன்வாடியுடன் இணைத்து, நோய்க்கும் இறப்புக்கும் திருமணத்துக்கும் மாற்றாள் ஒருவரை அங்கிருந்து அனுப்பும் ஏற்பாடு இருந்திருந்தால், அந்தத் திங்கட்கிழமை கதவு திறந்திருக்கும். மருமகள் ஆஸ்பத்திரியில் நிம்மதியாக இருந்திருப்பார். அந்த மாற்றாளுக்கும் ஆயாவுக்கும் யார் ஊதியம் தருவது? சட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது: நிறுவனம் காப்பகத்தைத் தனியாகவோ பொது வசதியாகவோ அமைக்கலாம் என்கிறது அது. காப்பகம் பணியிடத்துக்கு அருகிலோ பயனாளிகளின் குடியிருப்புப் பகுதியிலோ இருக்கலாம் என்று மேற்சொன்ன நெறிகளும் சொல்கின்றன. பொம்மசந்திராவின் ஆலைகளும் எலெக்ட்ரானிக் சிட்டியின் நிறுவனங்களும் தத்தம் கட்டடத்துள் ஓர் அறைக்கு வண்ணம் பூசுவதற்குப் பதிலாக, தொழிலாளர் வாழும் தெருக்களின் காப்பகங்களுக்கான பொது நிதிக்குத் தொகை செலுத்தலாம். அந்நிதி முதலில் இரண்டாவது கைக்கு ஊதியமாகட்டும்.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், உங்கள் தெருவில் இத்தகைய வீடுகள் எத்தனை, அங்கு எத்தனை கைகள், அவற்றுள் எத்தனைக்கு ஊதியம் என்று எண்ணிப் பாருங்கள். வினாநிரலில் "நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்பதை முதற்கேள்வியாக வைக்காதீர்கள். "காலையில் முதலில் யாரைத் தூக்குகிறீர்கள்?" என்று கேளுங்கள்.

ஆயா வீடு இருபத்து மூன்று நாள்களுக்குப் பின் திறந்தது. ஒன்பதில் ஆறு குழந்தைகள் திரும்பினர். தையல் தொழிலாளியின் மகன் வரவில்லை. தாய்தான் இப்போது வீட்டில் இருக்கிறாரே. நான் என் மகளை விடச் சென்றபோது ஆயா கூடத்துக் கட்டிலில் சாய்ந்திருந்தார், தலைமாட்டில் வாக்கர். உத்தரத்திலிருந்து தொங்கிய தூளியில் வழக்கமான கயிறு மாற்றப்பட்டிருந்தது. மகன் நீளமான கயிறாகப் பார்த்து வாங்கிக் கட்டியிருக்கிறார், கட்டிலில் படுத்தபடியே இழுத்து ஆட்டுவதற்கு.